இரவு 2.17, திரையில் காலை 8.17: சாட்ஸ்வொர்த் வீடொன்றின் கேமரா அமைப்புகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை காலை. பெரியம்மா விளக்கேற்றிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். ரிமோட்டை நாலு தடவை அமுக்கியும் கேட் நகரவில்லை. காரை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தால், மோட்டார் இருந்த இடத்தில் நாலு போல்ட்டும் வெட்டுப்பட்ட வயரும்தான் மிச்சம். பேட்டரியும் சேர்ந்து போயிருந்தது.

தென்னாப்பிரிக்காவில் கேட் மோட்டார் திருட்டு புதிதில்லை. இந்த வீட்டில் நாலு கேமரா இருந்தது, நாலும் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் அந்த இரவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் போனது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். எந்தக் கேமராவும் பழுதில்லை. அமைப்புகளில்தான் எல்லாக் கோளாறும். கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும், ஆனால் நான் சொல்லப் போகிற ஒவ்வொரு அமைப்பும் ஏறக்குறைய எல்லாக் கேமராவிலும் உண்டு.

பெரியம்மா எனக்கு ரத்த உறவு இல்லை, கோயிலில் பழக்கம். டர்பனுக்கு வந்த புதிதில் எனக்கு மாதக்கணக்கில் சோறு போட்டவர். வீடு டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில். இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் 1960களில் இந்தியர்களுக்கென்று மலைச்சரிவுகளில் கட்டிய ஊர் அது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். நம் வீட்டுக் கேமராவைத் திருப்பினால் பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியும். இந்த விஷயம் பின்னால் வரும்.

இரண்டு மணிக்கு யார் வந்தார்கள்?

பக்கத்து வீட்டு அம்மா ஒரு தகவல் சொன்னார்: ராத்திரி இரண்டு மணி வாக்கில் அவர்கள் நாய் விடாமல் குரைத்ததாம். அதை வைத்துப் பெரியம்மாவின் மகன் போனில் கேமரா ஆப்பைத் திறந்து, சனிக்கிழமை இரவு 2 மணிப் பதிவைத் தேடினார். அங்கே திருடன் இல்லை. அவர்கள் வீட்டுக் கார்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது! கேமரா கெட்டுப் போய்ப் பழைய பதிவைக் காட்டுகிறது என்று முடிவு செய்துவிட்டார். நாலையும் கழற்றிவிட்டுப் புதிதாக 4கே கேமரா வாங்க விலையும் விசாரித்துவிட்டார்.

நான் புதன்கிழமை சாயங்காலம் போனேன். ஆப்பை ஒதுக்கிவிட்டு, நாலு கேமராவின் படத்தையும் சேமிக்கும் ரெக்கார்டர் பெட்டியையே டிவியில் இணைத்து அந்தப் பதிவைப் போட்டேன். திரையின் மூலையில் 02:09. கார் நிற்கிறது, கதவு திறக்கிறது, பெரியம்மா கையில் தூக்குவாளியோடு இறங்குகிறார்.

“பெரியம்மா, இது எப்போ எடுத்தது?”

“வெள்ளிக்கிழமை கோயில்ல கஞ்சி ஊத்திட்டு வந்தோமே, அப்போதான் தம்பி. எட்டு மணி இருக்கும்.”

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு 8.09க்கு வீடு திரும்பியிருக்கிறார்கள். ரெக்கார்டர் அதைச் சனிக்கிழமை 2.09 என்று எழுதியிருக்கிறது. சரியாக ஆறு மணி நேரம் முன்னால். தென்னாப்பிரிக்க நேரம் உலகப் பொது நேரத்துக்கு 2 மணி முன்னால், சீன நேரம் 8 மணி முன்னால். பெட்டி இன்னும் பெய்ஜிங் நேரத்தில் இருந்தது.

பொருத்தியவர் அன்று கடிகாரத்தைக் கையால் சரி செய்துவிட்டு, நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டிருக்கிறார். பெட்டி இணையத்தில் சேராத வரை பிழை தெரியவில்லை. அந்த ஆண்டு ஃபைபர் ரவுட்டர் மாற்றியபோது பெட்டி இணையத்தைப் பிடித்து, நேரத்தைத் தானே ‘திருத்திக்கொண்டது’. அன்றிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளித்தான் ஓடியிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நேரலையைத் திறந்து வாசலைப் பார்க்கிறவர்கள் மூலையில் இருக்கும் எண்ணை எதற்குப் பார்க்கப் போகிறார்கள்?

அப்புறம் 08:17க்குப் போனேன். ஆடி மாதத்தில் டர்பனில் காலை எட்டே காலுக்கு நல்ல வெயில் அடிக்கும். பதிவில் கும்மிருட்டு. இரண்டு பேர். ஒருவன் வெளியே நிற்க, இன்னொருவன் சுவரேறிக் குதித்து மோட்டார் பக்கம் குனிகிறான். நாலு நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. உண்மை நேரம் 2.17. நாய் சொன்னது சரி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிழை தெரிந்ததும் கடிகாரத்தைத் திருத்தத்தான் கை போகும். திருத்தக் கூடாது. முதலில் அந்தப் பதிவை ரெக்கார்டரிலிருந்தே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திரையில் தெரியும் நேரமும் உங்கள் போனின் நேரமும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஆறு மணி நேர வித்தியாசத்துக்கு அந்தப் படம்தான் சான்று. இன்சூரன்ஸுக்காக ஏற்கெனவே போலீசில் கேஸ் நம்பர் வாங்கியிருந்தார்கள். மறுநாள் மகன் போய், கேமரா நேரம் உண்மை நேரத்தைவிட 6 மணி நேரம் முன்னால் என்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்து, பென்டிரைவையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் நேர மண்டலத்தை மாற்றினேன். தென்னாப்பிரிக்காவில் கோடைகாலத்துக்கென்று கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, அதனால் அந்த அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைக்கு மாற்றினேன். 08-03 என்று இருந்தால் ஆகஸ்டா மார்ச்சா என்று ஒரு சண்டை வரும்.

முகம் ஏன் மாவாகத் தெரிந்தது

பதிவு கிடைத்துவிட்டது. ஆனால் அதில் முகம் இல்லை. குல்லா போட்ட ஒரு வெள்ளைக் குழம்பு நகர்ந்து போகிறது, அவ்வளவுதான். பெரியம்மா திரைக்கு மிக அருகில் வந்து பார்த்துவிட்டு, “மூக்கு எங்கேப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் எனக்கு மூன்று இரவு ஆனது.

முதலில் ஒரு சின்ன விஷயம். மகன் போனில் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த துண்டு இன்னும் மோசம். ஒவ்வொரு கேமராவும் இரண்டு ஓட்டமாகப் படம் அனுப்பும். மெயின் ஸ்ட்ரீம் பெரிய படம், சப் ஸ்ட்ரீம் போனுக்கான சின்னப் படம். இங்கே மெயின் 2560×1440, சப் 640×360. ஆப்பில் தரத்தை மாற்றாமல் சேமித்தால் சின்னதுதான் கிடைக்கும். வாட்ஸ்அப் அதை மேலும் நசுக்கும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இப்போது மெயின் ஸ்ட்ரீம். மெனுவில் இருந்தவை: நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்), பிட்ரேட் (ஒரு நொடிப் பதிவுக்கு எழுதும் தகவலின் அளவு) 1024 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 1024 கிலோபிட், நிலையானது. 30 நாள் பதிவு நிற்கும் என்று சொல்லி 1 டெராபைட் டிஸ்க்கோடு விற்றிருக்கிறார்கள். அதற்காக பிட்ரேட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். கணக்கு போட்டால் 1024 கேபிபிஎஸ்ஸில் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 11 ஜிபி, நாலுக்கும் 44 ஜிபி. 22 நாள்தான் வரும், 30 கூட இல்லை. இதற்குக் கொடுத்த விலைதான் பெரிது. 1024ஐ 30ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 34 கிலோபிட், அதாவது நாலு கிலோபைட்டுக்குக் கொஞ்சம் மேலே. 37 லட்சம் புள்ளி உள்ள ஒரு படத்தை அதற்குள் அடைக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத வாசலென்றால் படத்தைச் சுருக்கும் எச்.265 முறை அதைச் சமாளித்துவிடும், ஏனென்றால் மாறாத பகுதியை அது திரும்ப எழுதுவதில்லை. இருட்டில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஆடும்போதும், ஒரு ஆள் குறுக்கே ஓடும்போதும் சமாளிக்க முடியாது. அந்த நேரத்தில் முகத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். எந்த நொடிக்காகக் கேமரா வைத்தோமோ, அந்த நொடியில்தான் படம் மிக மோசமாக இருக்கும்.

வாசலில் நடப்பதைப் பார்க்க நொடிக்கு 30 ஃபிரேம் தேவையே இல்லை. 12 போதும். ஃபிரேமைக் குறைத்து, வாசல் கேமராவின் பிட்ரேட்டை 3072 ஆக்கினேன். இப்போது ஒரு ஃபிரேமுக்கு 256 கிலோபிட், முன்பைவிட ஏழு மடங்குக்கு மேல். மாறியதை மட்டும் எழுதாமல் முழுப் படத்தையும் எழுதும் ஃபிரேமுக்கு ஐ-ஃபிரேம் என்று பெயர். அதன் இடைவெளியை 24 ஃபிரேம் என்று வைத்தேன், இரண்டு நொடிக்கு ஒன்று. முன்பு அது 120. எச்.265க்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்ட ‘ஸ்மார்ட்’ வகையை வாசல் கேமராவில் அணைத்தேன். இடத்தை அது நன்றாக மிச்சப்படுத்தும், ஆனால் ஐ-ஃபிரேமைத் தள்ளித் தள்ளிப் போட்டு, பதிவிலிருந்து நிலைப்படம் எடுக்கும்போது தொல்லை கொடுக்கும்.

அப்படியும் மூக்கு வரவில்லை. உண்மையான குற்றவாளி ஷட்டர்.

இருட்டில் படத்தை வெளிச்சமாகக் காட்டுவதற்காகக் கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும். தானியங்கி அமைப்பில் இது 1/15 நொடி வரை போயிருந்தது. வேகமாக நடக்கிற ஆள் நொடிக்கு ஒன்றரை மீட்டர் போவான். 1/15 நொடியில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். மனித முகத்தின் அகலமே 15 சென்டிமீட்டர் வாக்கில்தான். மூக்கு கன்னம் வரை இழுபட்டுப் போயிருக்கும்போது எத்தனை மெகாபிக்சல் இருந்து என்ன? அதே ஆள் 1/100 நொடியில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் நகர்வான். நேரலையில் பார்க்கும்போது 1/15 அருமையாக இருக்கும், புல் பூண்டெல்லாம் தெரியும், வாங்கியவருக்குச் சந்தோஷம். அசையாத வாசலுக்கு அது சரிதான். அசைகிற மனிதனுக்குத்தான் ஆகாது.

முதல் இரவு ஷட்டரை 1/120ல் பூட்டினேன். பெரியம்மாவின் பேரனுக்குப் பதினைந்து வயது. குல்லா மாட்டிக்கொண்டு கேட்டுக்கும் வராந்தாவுக்கும் இடையே நடந்து காட்டினான். படம் இருண்டுவிட்டது, ஆனால் முகத்தின் விளிம்பு முதல்முறையாகக் கூர்மையாக வந்தது. இரண்டாம் இரவு கேட் தூணில் 20 வாட் எல்இடி விளக்கு ஒன்று மாட்டினோம். வெளிச்சம் வந்ததும் கேமரா கறுப்பு வெள்ளைக்குப் போகாமல் கலரிலேயே நின்றது. சட்டையின் நிறம் தெரிந்தது. கூடவே படத்தில் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாக ஏதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குக் காரணம் கரண்ட். தென்னாப்பிரிக்காவின் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். கேமராவோ 60 ஹெர்ட்ஸ் கணக்கில், என்டிஎஸ்சி என்ற அமைப்பில் இருந்தது. அமெரிக்காவுக்கான கணக்கு அது. பால் (PAL) என்ற முறைக்கு, அதாவது 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, ஷட்டரையும் 1/100 ஆக்கி, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பட்டை போய்விட்டது. 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகும். (பால் என்றதும் பெரியம்மாவுக்கு வேறு ஞாபகம் வந்தது. இந்த நாட்டில் டிவியே 1976இல்தான் வந்தது, தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தோம் என்று சொன்னார். அந்த டிவியும் பால் முறைதான்.)

மூன்றாம் இரவு இரைச்சல் குறைப்பைக் கவனித்தேன். 100ல் வைத்திருந்தார்கள். அது முந்தைய ஃபிரேமையும் இப்போதைய ஃபிரேமையும் கலந்து படத்தை வழவழப்பாக்கும். நடக்கிறவனுக்குப் பின்னால் பேய் மாதிரி ஒரு வால் நீளும். 35க்கு இறக்கினேன். எதிர்வெளிச்சத்தைச் சமன் செய்யும் டபிள்யூடிஆரைப் பகலுக்கு மட்டும் என்று நேர அட்டவணையில் போட்டேன். கிழக்குப் பார்த்த வாசல், காலை வெயிலில் அது கட்டாயம் வேண்டும். இரவில் இரைச்சலைத்தான் கூட்டும்.

அமைப்பால் தீராதது

இவ்வளவு செய்தும் ஒரு விஷயம் மெனுவில் இல்லை. கேமரா கூரை விளிம்பில் நாலு மீட்டர் உயரத்தில், கேட்டிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருந்தது. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ், ஏறக்குறைய 100 டிகிரி அகலம். எட்டு மீட்டரில் அது பார்க்கும் அகலம் 19 மீட்டர். 2560 புள்ளியை 19ஆல் வகுத்தால் மீட்டருக்கு 134. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற தர அளவின் 2014ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும். தெரிந்தவரை இன்னாரென்று சொல்ல 125, யாரோ ஒரு ஆள் என்று கண்டுகொள்ள 25. மகன் போனில் பார்த்த 640 புள்ளிப் படம் மீட்டருக்கு 34. ஆள் இருக்கிறான் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

மகன் வாங்க நினைத்த 4கே கேமராவை அதே இடத்தில் மாட்டினாலும், அதன் படத்தின் அகலமான 3840 புள்ளியை 19ஆல் வகுத்து 202தான் வரும். செலவு மட்டும் பெரிது. நான் சொன்னது, இப்போது உள்ளதே இருக்கட்டும், அது முழு வாசலையும் பார்க்கட்டும். ரெக்கார்டரில் எட்டுக் கேமரா போட இடம் இருக்கிறது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் கேமரா ஒன்று மட்டும் வாங்கி, வராந்தாத் தூணில் இரண்டரை மீட்டர் உயரத்தில், கேட்டை நேராகப் பார்க்கும்படி மாட்டலாம். எட்டு மீட்டரில் அது பார்ப்பது 8 மீட்டருக்கும் குறைவான அகலம், மீட்டருக்கு 320 புள்ளிக்கு மேல். உயரத்தைக் குறைத்ததால் குல்லாவின் விளிம்புக்குக் கீழேயும் முகம் தெரிகிறது. நான் மேலே சொன்ன 3072, 1/100 எல்லாவற்றையும் இந்தக் கேமராவுக்கு மாற்றிவிட்டு, மற்ற நாலையும் 1536க்கு வைத்தேன். ஐந்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 100 ஜிபி, டிஸ்க்கில் பத்து நாள் நிற்கும். மகனுக்கு முதலில் மனமில்லை. 22 நாள் மாவு வேண்டுமா, பத்து நாள் முகம் வேண்டுமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்.

ND என்று தொடங்கும் டர்பன் நம்பர் பிளேட்டையும் இதே கேமராவில் படிக்க முடியுமா என்று கேட்டார். இரவில் முடியாது. ஹெட்லைட்டுக்கு எதிரே பிளேட் படிக்க 1/500 அல்லது அதைவிட வேகமான ஷட்டர் வேண்டும், அந்த வேகத்தில் முகம் கறுத்துவிடும்.

குரங்கும் ஜன்னலும்

அன்று இரவு போன் ஏன் கூப்பிடவில்லை? ரெக்கார்டரின் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் 163 அலர்ட். வெர்வெட் குரங்குகள் மதில்மேல் போவது, காற்றில் சிரிங்கா மரம் ஆடுவது, தெருவில் பக்கி (இங்கே பிக்அப் வண்டிக்குப் பெயர்) போவது, லென்ஸ் முன்னால் சிலந்தி வலை. (சிரிங்கா நம்ம ஊர் மலைவேம்பின் இனம். வேப்பிலைக்குப் பதிலாக இங்கே அம்மனுக்கு அதன் இலையைத்தான் வைக்கிறார்கள், அதனால் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேமராப் பக்கம் நீண்ட கிளையை மட்டும் கழித்தோம்.) இத்தனை அலர்ட்டைப் பார்த்துச் சலித்து, மகன் எப்போதோ அதை அணைத்துவிட்டார். ‘அசைவு’ என்பதிலிருந்து ‘மனிதன்’ என்பதற்கு மாற்றி, தெருவை விட்டுவிட்டு மதிலின் உள்பக்கம் மட்டும் எல்லை வரைந்து, இரவு 10 முதல் காலை 5 வரை மட்டும் சத்தம் போடும்படி வைத்தேன். முதல் வாரத்தில் மூன்று அலர்ட். மூன்றும் பேரன்தான், லேட்டாக வீடு திரும்பியபோது.

பக்கத்து வீட்டு ஜன்னல் இரண்டு கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தைக் கறுப்புத் திரையால் மறைத்தேன். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம், முழுக்க வீட்டுக் காரியத்துக்கான பதிவுகளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் நாய் குரைத்ததை ஓடி வந்து சொன்ன அம்மாவின் படுக்கையறையை நம் டிஸ்க்கில் வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்? மறைத்த படத்தை அவரை அழைத்தே காட்டினோம். மைக்கையும் அணைத்தேன், அடுத்தவர் பேச்சைப் பதிவு செய்வதற்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

மின்தடைக்கென்று வாங்கிய சின்ன யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்துப் போயிருந்தது, மாற்றினோம்.

மோட்டாரை எடுத்துப் போனவர்கள் பிடிபடவில்லை. புது மோட்டாரை இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கடைசி நடையில் பேரன் குல்லாவோடு வேகமாக வந்து, மோட்டார் பக்கம் குனிந்து நிமிர்ந்தான். படத்தை நிறுத்தினேன். இடது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு தெரிந்தது. பெரியம்மா திரையில் விரல் வைத்து, “இது கட்டில் முனையில இடிச்சது, மூணு தையல் போட்டோம்” என்றார்.

அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ரெக்கார்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பவர் போய் வந்தாலோ ரவுட்டர் மாற்றினாலோ முதலில் நேரத்தைப் பார்க்கவும் என்று மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன். மாதம் முதல் தேதி இரவு எட்டு மணிக்குப் பெரியம்மாவிடமிருந்து போன் வரும்.

“தம்பி, கேமராவுலயும் எட்டு, என் கடிகாரத்துலயும் எட்டு.”